நான்கு மில்லிமீற்றர்

ஒட்டு வெடிக்கிற சத்தம் ஒன்றும் பெரிய சத்தமில்லை. நகம் வெட்டும்போது தெறிக்குமே, அவ்வளவுதான். ஆனால் இருபத்திரண்டு வருடங்களாக அலுமினியத்தோடு சீவிக்கிற றெக்ஸுக்கு எந்த இரைச்சலுக்குள்ளும் அதைப் பிரித்துக் கேட்கத் தெரியும். வெல்டிங்கை முடித்து, முகமூடியை நெற்றிக்கு ஏற்றி, கையுறையின் முதல் விரலைக் கழற்றுவதற்குள் அது வந்தது. டிக். கொஞ்சம் பொறுத்து, ஒரு சாண் தள்ளி, இன்னொன்று.

அவன் குனிந்து பார்க்கவில்லை. பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கொட்டகைக் கதவு வழியே ஏரியைப் பார்த்தபடி நின்றான். ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குத் தெற்கே, நிலக்கரி தோண்டி முடிந்த பெரும் பள்ளத்தில் தண்ணீர் நிரப்பி உண்டாக்கிய ஏரி அது. நாற்பது வருடங்களுக்கு முன் அங்கே லொறிகள் ஓடின. இப்போது அவனுடைய அக்கா மகள் நடாலி அதில் வலை போடுகிறாள்.

படகு கட்டைகளின்மேல் கவிழாமல் நிமிர்ந்தே நின்றது. ஆறு மீற்றர் நீளம், தட்டையான அடி, முகப்பு மட்டும் சற்றே மேலெழுந்தது. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கிழட்டு ஜெர்மன் மீனவர் தொழிலை விட்டபோது ஏரிக் குத்தகையோடு சேர்த்து நடாலி எடுத்தது. மூன்று வருடம் மீன்பிடித் தொழிலில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவள். சந்தையில் புகைபோட்ட மீன் விற்கும்போது சனங்கள், "நீங்கள் எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டால், "ஏரியிலிருந்து" என்று முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்லுவாள்.

போன இலையுதிர்காலத்தில்தான் படகுக்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியது. முதலில் ஒரு கோப்பை, பிறகு அரை வாளி. மூன்றாவது குறுக்குச் சட்டம் அடித்தகட்டோடு சேருகிற ஒட்டில் ஒரு வெடிப்பு. "ரெண்டு சனிக்கிழமை காணும்," என்று றெக்ஸ் வாக்குக் கொடுத்திருந்தான். நான்கு சனிக்கிழமைகள் போய்விட்டன. மே மாத முதல் வாரத்துக்குள் வலை இறங்காவிட்டால் மீன்பிடி உரிமை பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். ஏரிச் சங்கத்தின் விதி அது. ஒருமுறை போனால் திரும்பாது. புதுப் படகுக்குச் சொல்லிவைத்தால் அடுத்த குளிர்காலத்துக்குத்தான் கிடைக்கும். இரவல் கேட்கலாமென்றால் பருவம் தொடங்குகிற நேரத்தில் எந்த மீனவன் தன் படகைக் கொடுப்பான்? பத்து நாள் இருந்தது. அதனால்தான் தான் வேலை செய்கிற ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வியாழனும் வெள்ளியும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான்.

வெடிப்பை முறைப்படிதான் அணுகினான். அதன் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டான், மேலே ஓடாமலிருக்க. வெடிப்பைக் கிரைண்டரால் வாய்க்கால்போலக் கிண்டி, அசற்றோனால் துடைத்து, புதுக் கம்பி கொண்டு நிரப்பினான். ஒட்டு பார்க்க அழகாகவே இருந்தது, மீன் செதில் அடுக்கினமாதிரி. ஆனால் ஆறும்போது பக்கத்தில் வெடித்தது. அதைக் கிண்டினால் அதற்குப் பக்கத்தில். பழஞ்சேலையின் கிழிசலைத் தைக்கப் போனால் ஊசி ஏறுகிற இடமெல்லாம் கிழிவதுபோல.

முதலில் ஏரித் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டான். சுரங்கத்துத் தண்ணீர், என்னென்ன கரைந்திருக்கிறதோ. முதுகை நிலத்தில் தேய்த்து அடியில் படுத்துப் பார்த்தான். வெளித்தகடு சாம்பல் நிறத்தில் மங்கிப்போய், ஆனால் நோயில்லாமல் இருந்தது. கையால் தடவினால் வழுவழுப்பு. தண்ணீர் தின்னவில்லை. அப்படியென்றால் உள்ளேயிருந்து.

அதுவரை வெடிப்புக்கு மேலேயிருந்த இரண்டு தரைப் பலகைகளை மட்டுமே கழற்றியிருந்தான். இப்போது முகப்புவரை எல்லாவற்றையும் கழற்றுவதென்று திருகாணியில் கைவைத்தபோதுதான் நடாலியின் தாய் கொறற்றி அக்கா வந்தாள். ஒரு கையில் சோற்றுப் பாத்திரம், மறு கையில் தேத்தண்ணிப் போத்தல்.

"டேய் றெக்ஸ், சாப்பிட்டுட்டுச் செய். உன்ர மூஞ்சையப் பாத்தா வள்ளத்தை விட உனக்குத்தான் ஒட்டுப் போடோணும்போல கிடக்கு."

"வையுங்கோ அக்கா, வாறன். நடாலி எங்க?"

"மிருக வைத்தியர் கந்தோருக்கு வரச் சொல்லி ரெர்மின் குடுத்தவங்கள். மீன் வெட்டுற இடத்தை அவங்கள் வந்து பாக்க வேணுமாம். வர மூண்டு மணியாகும். என்ன, பலகை முழுக்கக் கழட்டுறாய்?"

"உள்ளுக்க பாக்கோணும்."

முன்பலகை எழுந்தது. அடியில், சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையிலான மூலையில், கறுத்துப்போன துணிப் பொட்டலம் ஒன்று இருந்தது. இரண்டாவது பலகைக்குக் கீழே இரண்டு. அடுத்ததில் மூன்று. நனைந்து, வற்றி, மறுபடி நனைந்து, தகட்டோடு ஒட்டிக் கிடந்தன. றெக்ஸ் ஒன்றை மரக் குச்சியால் நெம்பினான். துணி பிய்ந்து, ஈர மண்ணும் உப்புக் கட்டியும் கொட்டின. மண்ணுக்குள்ளிருந்து மாதாவின் உருவம் பொறித்த சின்னப் பித்தளைப் பதக்கம் ஒன்று பச்சை பூத்து வெளியே வந்தது.

"இஞ்ச, அதைக் கவனமா எடு," என்றாள் கொறற்றி. குரலில் பெருமை இருந்தது. "அது மடு மண். நாலு வருசமா இவள் ஒரு காத்துக்கும் பயப்பிடாமப் போய் வாறாளெண்டா என்னத்தால எண்டு நினைச்சாய்?"

மடு மாதா கோவில் மண் விஷத்துக்கும் விபத்துக்கும் காவல். மன்னாரிலிருந்து வெளிக்கிட்டவர்கள் அதைப் பொட்டலமாகக் கட்டி எந்த நாட்டுக்கும் கொண்டுபோவார்கள். கொறற்றி அதோடு சாமியார் மந்திரித்த உப்பையும் பதக்கத்தையும் வைத்துக் கட்டியிருக்கிறாள். ஊருக்குப் போய் வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி, பலகை இடுக்கால் உள்ளே விட்டிருக்கிறாள். வருடாவருடம் அந்தோனியார் திருநாளுக்கு மேலும் ஒரு பிடி உப்பு.

"எத்தனை வைச்சனீங்கள் அக்கா?"

"பதினொண்டு. எங்கட அய்யா கட்டின வள்ளத்துக்கும் இதுதானே போட்டது. உப்புக் கிடந்தால் மரம் உக்காது எண்டு அவர் சொல்லுவார். உனக்கு ஞாபகமில்லையே?"

ஞாபகமிருந்தது. மரத்துக்கு உப்பு நல்லது என்பதும் உண்மை. றெக்ஸ் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது கிடந்த இடத்தைப் பார்த்தான். அங்கே தகட்டில் வெள்ளைப் பூஞ்சணம்போல ஏதோ பூத்திருந்தது. குச்சியால் சுரண்டினான். தேங்காய்ப்பூவாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் மிளகளவு குழிகள், ஒன்றுக்குள் ஒன்று.

பதக்கத்தை அக்காவின் கையில் கொடுத்தான். அவள் அதைச் சீலைத் தலைப்பால் துடைத்து, கண்ணில் ஒற்றி, மற்றப் பொட்டலங்களையும் ஒவ்வொன்றாக ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் எடுத்து வைத்தாள். "வேலை முடிஞ்சோடன திரும்ப வைப்பம்," என்றாள். அவன் தலையாட்டினான். ஆட்டிவிட்டு, ஏன் ஆட்டினோம் என்று தன்னையே வெறுத்தான்.

அக்கா போன பிறகு சோற்றுப் பாத்திரம் திறக்கப்படாமலே கிடந்தது.

ஈரமும் உப்பும் பித்தளையும் அலுமினியமும். இந்த நாலும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகுமென்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு உலோகமும் ஈரத்துக்குள் தொட்டுக்கொண்டால் பித்தளை இருக்கும், அலுமினியம் கரையும். தொழிற்சாலையில் ரயில்பெட்டித் தகட்டின்மேல் பித்தளைக் கம்பித் தூரிகையை வைத்துவிட்டுப் போன போலந்துக்காரனோடு ஒரு முழு நாள் பேசாமல் இருந்தவன் அவன். அப்படிப்பட்டவன், நான்கு வருடங்களுக்கு முன் இதே முன்பலகையைத் தன் கையாலேயே கழற்றி, "வையுங்கோ அக்கா," என்று விலகி நின்றான். முதலாவது பொட்டலத்தை அவள் வைத்ததும் சிலுவை போட்டுக்கொண்டான். நாலு திருகாணியையும் இறுக்கினான். பதக்கம் அவன் கண்ணில் பட்டது. அது பித்தளை என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. மாதாவை ஒரு உலோகமாக அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

தொழிற்சாலையிலிருந்து போர்மனிடம் கேட்டு எடுத்துவந்த, தடிப்பளக்கிற சின்னக் கருவி ஒன்று பையில் இருந்தது. களிம்பைத் தடவி அதன் நுனியைத் தகட்டில் வைத்தால் எத்தனை மில்லிமீற்றர் மிச்சமென்று காட்டும். இந்தப் படகுக்கு நான்கு இருக்க வேண்டும். பின்பக்கத்தில் வைத்தான்: 3.8. நடுவில்: 3.7. மூன்றாவது சட்டத்தடியில் 2.1. இரண்டாவதில் 1.4. முகப்புக்குக் கிட்ட, முதலாவது பொட்டலம் கிடந்த மூலையில், எண் கொஞ்சம் தடுமாறி 0.9 என்று நின்றது. அவன் கருவியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தான். 0.9.

ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அதன் மேலேதான் அந்தப் பிள்ளை நான்கு வருடமாகக் காலையூன்றி நின்று வலை இழுத்திருக்கிறாள்.

பின்னேரம் வரைக்கும் அவன் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்தால் நினைக்க வேண்டிவரும். குழி விழுந்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்கலாமென்று எண்ணி, சோக்கால் கோடு போட்டான். புதுத் தகட்டை ஒட்ட அதன் விளிம்பில் நல்ல தகடு வேண்டும். அளந்து அளந்து கோட்டைத் தள்ளிக்கொண்டே போனான். ஒரு முழம், இரண்டு முழம். சட்டங்களின் காலும் அரிபட்டுத்தான் இருந்தது. கடைசியில் கோடு படகின் இரண்டு பக்கச் சுவரிலும் ஏறி, முன்பாதி முழுவதையும் சுற்றி வளைத்துக்கொண்டு வந்து தொடங்கிய இடத்திலேயே முட்டியது. அதை வெட்டியெடுத்தால் மிஞ்சுவது படகில்லை. அதைச் செய்ய ஒரு பட்டறையும் அச்சும் நாலு ஆளும் இரண்டு மாதமும் வேண்டும்.

கடைசியாகச் சாயம் பூசினான். சிவப்புச் சாயத்தைத் தகட்டில் தடவி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளுக்குள் போன சாயம் மேலே ஊறிவந்து கோடாகத் தெரியும். தெளித்துவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினான். வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு மெல்ல மெல்ல எழுந்தது. முதலில் அவன் ஒட்டிய ஒட்டைச் சுற்றி. பிறகு சட்டம் சட்டமாக. அவசரமேயில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. எண்ணிக்கொண்டிருந்தவன் பதினேழில் எண்ணுவதை விட்டான்.

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன நடாலி ஐந்துக்குத்தான் வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குள் நுழைந்து படகைப் பார்த்தாள். வெள்ளையும் சிவப்புமாக அது கிடந்தது. வெளியே யாரோ மிதிப்படகு வாடகைக்காரன் தன் படகுகளைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்குப் பேசுவம் மாமா," என்றாள் கடைசியில். "இண்டைக்கு எனக்கு ஏலாது."

வெள்ளிக்கிழமை காலை றெக்ஸ் வரும்போது அவள் படகுக்குள் முழங்காலில் இருந்தாள். கையில் அவனுடைய கருவி. தானாகவே அளந்து, ஒவ்வோர் எண்ணையும் தகட்டிலேயே பேனாவால் எழுதியிருந்தாள்.

"உந்தக் குழியெல்லாம் ஒரு அளவாத்தான் இருக்கு," என்றாள் நிமிராமல். "உள்ளங்கை அளவு. பதினொரு இடத்தில. அம்மான்ர டப்பாவுக்குள்ள பதினொரு பொட்டலம்."

அவன் கதவோரம் நின்றான்.

"மாமா, நான் இதைப் படிச்சனான். பள்ளிக்கூடத்தில படமே கீறினனாங்கள், செம்புக் காசை அலுமினியத்தில வைச்சு. நீங்கள் ஒண்டும் சொல்லாட்டியும் பரவாயில்லை."

"முதல் பொட்டலத்துக்குப் பலகை கழட்டிக் குடுத்தவன் நான்தான், நடாலி."

"தெரியும். நான் தானே திருகாணியக் கையில வைச்சுக்கொண்டு நிண்டனான்." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "மூண்டு பேரும் சேந்துதான் வைச்சம். நல்லாத்தான் வைச்சிருக்கிறம்."

அவள் எழுதிய எண்களையே விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். அவன் தன் கைகளைப் பார்த்தான். எத்தனை ஆயிரம் மீற்றர் ஒட்டியிருக்கும் இந்தக் கைகள். ஹம்பேர்க்குக்கும் மியூனிக்குக்கும் இடையில் ஓடுகிற பெட்டிகளில் சனங்கள் கோப்பி குடித்துக்கொண்டு போகிறார்கள், அவனுடைய ஒட்டை நம்பி. அப்படியொருவன் இருப்பதே தெரியாமல். இங்கே ஒரேயொரு பிள்ளை தெரிந்து நம்பினாள்.

"மேலால ஒரு தகட்டைப் போட்டு மூடேலாதே?" என்றாள் திடீரென்று. "உள்ளுக்கால. பசை பூசி, ரிவெற் அடிச்சு. ஒரு பருவத்துக்கு மட்டும். நான் கரையோரமாத்தான் போவன். லைஃப் ஜக்கெற் போடுவன். காத்தடிச்சா போகமாட்டன்."

"ரிவெற் அடிக்கிறதுக்கும் தகடு வேணும்."

"ரெண்டு மாசம், மாமா. யூலை வரைக்கும்."

"தண்ணி இப்ப எத்தினை பாகை?"

அவள் கதவு வழியே ஏரியைப் பார்த்தாள். எட்டு. எட்டுப் பாகைத் தண்ணீரில் விழுந்தவருக்கு எத்தனை நிமிடமென்று அவனைவிட அவளுக்குத்தான் தெரியும். அதுவும் அவளுடைய படிப்பில் இருந்தது.

அவனுக்கு ஆம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. ஒரு தகட்டைப் போட்டு, நிரவி, சாம்பல் பெயின்ற் அடித்தால் சங்கத்து ஆட்களுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. இரண்டு நாள் வேலை. எல்லோரும் சந்தோசமாக இருப்பார்கள். படகு இறங்கும். ஏதோ ஒரு வியாழக்கிழமை, வலையில் கொஞ்சம் கூடுதலாக மீன் பட்ட அன்று, அவள் காலை முகப்பில் ஊன்றி இழுப்பாள். டிக்.

"ஒரு சொல்லுச் சொல்லுங்கோ," என்றாள் நடாலி. "போகலாமோ, போகேலாதோ?"

"ஏலாது."

அவள் தலையை ஆட்டினாள். படகிலிருந்து இறங்கி, சுவரோரம் போய், கிரைண்டரை எடுத்து, வெட்டுகிற தட்டைத் தானே மாட்டி, அவனிடம் நீட்டினாள்.

"அப்ப இப்பவே வெட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"என்னை எனக்குத் தெரியும் மாமா. இண்டைக்கு நீங்கள் வீட்டை போவியள். நான் ஒரு ரியூப் பசை வாங்கி வந்து பூசுவன். மே முதலாம் திகதி காலமை இறக்கிப்போடுவன். வெட்டுங்கோ."

அவன் வாங்கினான். எவ்வளவு பாரமென்று அன்றைக்குத்தான் தெரிந்ததுபோல இரண்டு கையாலும் பிடித்தான். நேற்றுப் போட்ட சோக்குக் கோடு அப்படியே இருந்தது. ஒட்டுவதற்காகப் போட்ட கோடு. அதன்மேலேயே வைத்தான். அவள் காதைப் பொத்தவில்லை, பக்கத்திலேயே நின்றாள். தட்டு தகட்டைத் தொட்டது. பின்பக்கமாயிருந்தால் கொஞ்சமாவது எதிர்த்திருக்கும். இங்கே பழைய காட்போட்டை வெட்டுவதுபோல ஒரு எதிர்ப்புமில்லாமல் இறங்கியது. ஒரு முழம் வெட்டி நிறுத்தினான். வெட்டுக்குள்ளால் கொட்டகையின் சீமெந்து நிலம் தெரிந்தது.

சத்தம் கேட்டு கொறற்றி வந்துவிட்டாள். வீடு நூறு அடி தூரத்தில்தான். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"என்னடா வெட்டுறாய்? ஒட்டுறதெண்டெல்லே வந்தனீ!"

அவள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு படகுக்குள் எட்டிப் பார்த்தாள். சிவப்புக் கோடுகள், பேனாவால் எழுதிய எண்கள், உள்ளங்கையளவு வட்டங்கள். ஒவ்வொன்றாக அவள் கண் போனது. எந்தெந்த இடமென்று அவளுக்கு மனப்பாடம். கை நுழைகிற இடுக்குப் பார்த்து வைத்தவள் அல்லவா.

"ஐஸ் அம்மா," என்றாள் நடாலி அவசரமாக. "குளிர்காலத்து ஐஸ் தள்ளி வெடிச்சிட்டுது. வேற ஒண்டுமில்லை."

கொறற்றி மகளைப் பார்க்கவில்லை. "நீ சொல்லு தம்பி."

சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஐஸ் என்ற ஒரு சொல். ஒரு சின்னப் பொய். பிள்ளை ஏற்கனவே தைத்து வைத்த பொய். அவன் ஒரு முடிச்சுப் போட்டால் போதும். அல்லது உண்மை. அதுவும் ஒரு சொல்தான். அக்காவின் கையில் ஒட்டியிருந்த மாவு காய்ந்து வெடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் குனிந்தாள். வெட்டின விளிம்பை இரண்டு விரலால் நுள்ளிப் பிடித்துப் பார்த்தாள், துணிக்கடையில் சேலையின் கனம் பார்ப்பதுபோல. விட்டாள். போய், நேற்று அவன் குந்தியிருந்த வாளியில் தானும் குந்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் யாராவது ஏதாவது செய்திருக்கலாம்.

"இவளுக்கு ஒண்டும் ஆகக்கூடாதெண்டுதானே," என்றாள். யாரிடமும் இல்லை.

நடாலி தாயின் பக்கத்தில் போய்த் தோளில் கைவைத்தாள். வைத்த கையை எடுக்காமலே மறு கையால் போனை எடுத்து நேரம் பார்த்தாள். பதினொன்றே முக்கால். வெள்ளிக்கிழமையில் சங்கத்துக் கந்தோர் பன்னிரண்டுக்குப் பூட்டிவிடும்.

"திங்கக்கிழமை போன் எடுக்கலாமே," என்றான் றெக்ஸ்.

"இல்லை. உரிமையை விடுறதெண்டா அடுத்த ஆளுக்கும் வலை ஆயத்தப்படுத்த நாள் வேணுமெல்லே."

அவள் இலக்கத்தை அழுத்தினாள். காத்திருக்கச் சொல்கிற இசை கொட்டகை முழுக்கக் கேட்டது. துள்ளலான இசை, முடிந்து முடிந்து மறுபடி தொடங்கியது. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். றெக்ஸுக்குக் கிரைண்டரைக் கீழே வைக்க வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை. இசை பாதியில் அறுந்து, ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, பெயர் கேட்டது.

நடாலி முதுகை நிமிர்த்திக்கொண்டு, தன் தகப்பன் வழிப் பெயரை, ஜெர்மன்காரரிடம் எப்போதும் செய்கிறமாதிரி, எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.